கதிரவனும் பெருங்குடலும்

கதிரவன் பயிருக்கு மட்டுமன்றி மனித உடலுக்கும் உணவு ஆக்கித் தருகிறான். வெயில் தோலில் படும்போது, அங்குள்ள ஒரு கொழுப்புப் பொருள் புற ஊதாக் கதிரை ஏற்று வைட்டமின் 'டி'யாக மாறுகிறது. கல்லீரலும் பின்னர்ச் சிறுநீரகமும் அதனைச் செயல்படும் வடிவத்திற்குக் கொண்டுவருகின்றன. எலும்பு உறுதிபெற இச்சத்து வேண்டும் என்பது பள்ளியிலேயே நாம் கற்ற பாடம். பெருங்குடலில் தோன்றும் புற்றுநோயையும் இது தடுக்குமா என்பதே நாம் ஆராயப் புகும் வினா.

இவ்வினாவை 1980இல் எழுப்பியவர்கள் சீட்ரிக் கார்லண்ட், ஃபிராங்க் கார்லண்ட் என்னும் அமெரிக்கச் சகோதரர்கள். வெயில் மிகுந்த தென்மேற்கு மாநிலங்களைவிட வெயில் குறைந்த வடகிழக்கில் பெருங்குடல் புற்றுநோயால் இறப்போர் அதிகம் என்பதை அவர்கள் கண்டனர். குடலின் உயிரணுக்களிலும் இச்சத்தினை ஏற்கும் புரதம் உண்டு. அணுக்கள் கட்டின்றிப் பெருகுவதை இச்சத்து தடுப்பதை ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டின. இரத்தத்தில் இச்சத்துக் குறைந்தோரிடம் இந்நோய் மிகுதி என்பதையும் பல ஆய்வுகள் கூறின.

ஆயினும் இரண்டு சேர்ந்து காணப்படுவதால் ஒன்று மற்றதன் காரணம் ஆகிவிடாது. உடல் பருத்தவரிடமும் உழைப்பின்றி வீட்டுக்குள் இருப்பவரிடமும் இச்சத்துக் குறைகிறது. அவர்களுக்கே இந்நோயும் மிகுதி. எனவே, ஒரு சாரார்க்கு மருந்தும் மறு சாரார்க்கு வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்ப்பதே நேரிய வழி.

2006இல் வெளியான ஆய்வில் 36,282 பெண்கள் கலந்துகொண்டனர். நாள்தோறும் 400 அலகு 'டி'யும் சுண்ணாம்புச் சத்தும் ஏழாண்டுகள் உண்டும் நோய் குறையவில்லை. அளவு போதவில்லை என்றனர் சிலர். 2019இல் வெளியான 'வைட்டல்' ஆய்வில் 25,871 பேர். அளவு 2,000 அலகு. காலம் ஐந்தாண்டுக்குச் சற்று மேல். அதிலும் புற்றுநோய் தோன்றுவது குறையவில்லை. ஆனால் அவர்களுள் பெரும்பாலோர்க்கு முன்னரே இச்சத்துப் போதிய அளவு இருந்தது. குடலில் சிறு முளை புற்றாக மாறப் பத்தாண்டுகளும் ஆகலாம். ஆதலின் வினா முற்றிலும் முடிந்துவிடவில்லை. எனினும் மாத்திரையைப் புற்றுநோய்க்குக் கவசம் எனக் கொள்ளச் சான்றில்லை.

இனி எங்கள் வட்டவடையை எண்ணிப் பார்ப்போம். நிலநடுக்கோட்டிற்கு அண்மையில், உயர்ந்த மலைமீது உள்ள ஊர்; உயரம் கூடக் கூடப் புற ஊதாக் கதிரும் கூடும். பூண்டு, காரட் தோட்டங்களில் உழைப்போர்க்கு வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் மூடுபனி நாட்களில் கம்பளிக்குள் முடங்கும் முதியோர்க்கு அது எட்டாது. கண்ணாடிச் சன்னலின் பின்னே நாளைக் கழிக்கும் நமக்கும் அவ்வாறே. தேவையான கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். குறைபாடு உள்ளோர் மருத்துவர் சொற்படி மாத்திரை உண்ணலாம். அளவு மீறினால் இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து ஏறிச் சிறுநீரகம் கெடும்.

குடலைக் காப்பன நார்ச்சத்துள்ள உணவும் உடலுழைப்பும். கெடுப்பன புகையும் மதுவும். மலத்தில் இரத்தம், மலம் கழியும் முறையில் நீடித்த மாற்றம், காரணமின்றி உடல் மெலிதல், சோகை ஆகியவற்றுள் எது காணினும் மருத்துவரை நாடவேண்டும். 'மூலம்தான்' என்று கைவைத்தியத்தில் மாதங்களைக் கழித்தல் தகாது. மலைப்பாதை கடந்து மூணாறு செல்லவேண்டும் என்பதால் எங்கள் பக்கத்தில் நாள் தள்ளுவது எளிது. தொடக்கத்தில் கண்டால் இந்நோயைப் பெரும்பாலும் குணப்படுத்தலாம். விடுமுறைக்கு ஊர் செல்லும் நண்பர்கள் இதனை இல்லத்தாரிடம் எடுத்துரைத்தல் வேண்டும்.