அண்ணன் சொல்வது சரியா, நான் சொல்வது சரியா?

கேள்வி: எனக்கு 38 வயது. சுனாமி வந்தபோது கடலூரில் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். அன்று காலை எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்று, தெருவில் ஜனங்கள் அலறிக்கொண்டு ஓடிவந்ததைப் பார்த்தேன். இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. ஆனால் என் அண்ணன், “நீ ஊரிலேயே இல்லை. விழுப்புரத்தில் சித்தி வீட்டில் இருந்தாய்” என்று அடித்துச் சொல்கிறார். பாட்டிக்குக் கடைசிக் காலத்தில் மறதி நோய் இருந்தது. எனக்கும் அது ஆரம்பிக்கிறதா, டாக்டர்?
– வாசகி, கடலூர்

பதில்: பயப்படாதீர்கள், சகோதரி. நீங்கள் எழுதியிருப்பதில் மறதி நோயின் அடையாளம் எதுவும் இல்லை. இருபது வருடத்துக்கு முந்தைய ஒரு நாளை அண்ணனும் தங்கையும் வேறு வேறாக நினைவில் வைத்திருப்பது ஆரோக்கியமான மூளைகளிலும் நடப்பதுதான். இருவரில் ஒருவர் பொய் சொல்வதாகவும் நினைக்க வேண்டாம்.

ஆனால் “கண்ணுக்குள் நிற்கிறது” என்பதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது. இதைச் சொல்லும்போது எனக்கே சங்கடமாகத்தான் இருக்கிறது. அந்த நாள் உங்கள் ஊருக்கு என்ன செய்தது என்று எனக்குத் தெரியும்.

ஏன் என்று ஓர் ஆய்வைக் கொண்டு சொல்கிறேன். 1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் கிளம்பிய 73 வினாடிகளில் சிதறி, அதிலிருந்த ஏழு பேரும் இறந்தார்கள். மறுநாளே எமரி பல்கலைக்கழக மாணவர்களிடம் ஒரு தாள் கொடுக்கப்பட்டது. செய்தி எப்படித் தெரிந்தது, எங்கே இருந்தீர்கள், கூட யார் இருந்தார்கள் என்று அவரவர் கைப்பட எழுதினார்கள். சுமார் இரண்டரை வருடம் கழித்து உளவியலாளர்கள் உல்ரிக் நைசரும் நிக்கோல் ஹார்ஷும் அவர்களில் 44 பேரிடம் அதே கேள்விகளை மறுபடி கேட்டார்கள். பழைய தாளோடு ஒப்பிட்டு 7-க்கு மதிப்பெண் போட்டபோது சராசரி 3-ஐக்கூடத் தொடவில்லை. 11 பேருக்குப் பூஜ்யம். ஒரு மாணவி முதலில் எழுதியது: சமய வகுப்பில் இருந்தபோது சிலர் உள்ளே வந்து பேசிக்கொண்டார்கள். பிறகு சொன்னது: விடுதி அறையில் தோழியோடு டிவி பார்த்துக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. இரண்டாவதைச் சொன்னபோது அவருக்குத் துளி சந்தேகமும் இல்லை. தங்கள் கையெழுத்தையே காட்டிய பிறகும் பழைய நினைவு அவர்களுக்குத் திரும்பி வரவில்லை என்பதுதான் என்னை மிகவும் பாதித்த விஷயம்.

அந்த மாணவியின் நினைவுக்குள் டிவி நுழைந்ததைக் கவனித்தீர்களா? சுனாமிக் காட்சிகளை நாம் எல்லோரும் டிவியில் எத்தனை முறை பார்த்திருப்போம்! உறவினர்கள் வேறு, வந்த ஒவ்வொருவரிடமும் நடந்ததைச் சொல்லியிருப்பார்கள். நேரில் பார்த்தது, காதால் கேட்டது, டிவியில் வந்தது என்று மூளை தனித்தனியாக முத்திரை குத்தி வைப்பதில்லை.

ஒரு நிகழ்ச்சியின் உருவம், சத்தம், வாசனை எல்லாம் மூளையின் வெவ்வேறு பகுதிகளில் பதிகின்றன. அவற்றைக் கோத்துக் கொடுப்பது ஹிப்போகாம்பஸ் என்ற சிறிய பகுதி. நினைவுகூரும் ஒவ்வொரு முறையும் மூளை கோலத்தைப் புதிதாகப் போடுகிறது; புள்ளிகள் சில விட்டுப்போயிருந்தால், நடந்திருக்கக்கூடியதை வைத்துத் தானாகவே இழுத்து முடித்துவிடும். அப்படி முடித்தது மறுபடி பதிந்தும் விடும். அதனால், அதிகம் பேசப்பட்ட நினைவு அதிகம் திருத்தப்பட்டதாகவும் இருக்கலாம். பயம் வரும்போது அமிக்டலா என்ற பகுதி பதிவை ஆழமாக்குவது உண்மைதான். ஆனால் ஆழமாகப் பதிவது பயமும் நிகழ்ச்சியின் சாரமும். எந்த மாடி, எத்தனை மணி, பக்கத்தில் யார் என்ற விவரங்களுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, அரையாண்டு விடுமுறைக் காலம். நீங்கள் சித்தி வீட்டுக்குப் போயிருக்கக்கூடிய நாள்தான். அதற்காக அண்ணன் பக்கம் தீர்ப்புச் சொல்லிவிட மாட்டேன். வேறொரு வருட விடுமுறையை அவர் இந்த நாளோடு சேர்த்து நினைத்திருக்கலாம். எது எப்படியிருந்தாலும், அன்றைய உங்கள் பயமும் துக்கமும் பொய்யாகிவிடாது.

கவலைப்பட வேண்டிய மறதி வேறு மாதிரி இருக்கும். சற்று முன் கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்பது, பழகிய தெருவில் வழி தவறுவது, வழக்கமாகச் செய்யும் சமையலில் அடுத்து என்ன என்று தடுமாறுவது, பணக் கணக்கில் புதிதாகக் குழப்பம். இவற்றைப் பெரும்பாலும் வீட்டில் இருப்பவர்கள்தான் முதலில் கவனிப்பார்கள். அப்போதும் உடனே பாட்டியின் நோய் என்று முடிவுகட்ட வேண்டாம். தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைவு, தூக்கமின்மை, மனச்சோர்வு, சில மாத்திரைகள் என எல்லாமே ஞாபகத்தைக் கெடுக்கும். இவற்றில் பெரும்பாலானவை சரிசெய்யக் கூடியவை.

அந்த நாளைத் தெரிந்துகொண்டே ஆக வேண்டும் என்றால், அப்போதைய டைரி, கடிதம், தேதி போட்ட போட்டோ ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். சித்தியிடமும் கேளுங்கள். ஆனால் உங்கள் கதையையும் அண்ணன் கதையையும் முதலில் சொல்லிவிடாதீர்கள். “சுனாமி அன்றைக்கு உங்கள் வீட்டில் யார் யார் இருந்தீர்கள், சித்தி?” என்று மட்டும் கேட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் இருங்கள்.