அளவும் காலமும்

மருந்து யாது, நஞ்சு யாது என்று வினவினால், அவை வெவ்வேறு பொருள்கள் என்றே பலரும் விடை கூறுவர். ஆயினும் இயற்கை அவற்றை அவ்வாறு பிரித்து வைக்கவில்லை. ஒரே செடியின் இலை ஒருவரைப் பிழைப்பிக்கும், மற்றொருவரை மாய்க்கும். எவ்வளவு கொடுத்தோம், எவ்வளவு காலத்திற் கொடுத்தோம் என்பவற்றைப் பொறுத்தே அவ்வேறுபாடு அமைகின்றது. திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில், மருத்துவன் நோயாளியின் நிலையையும் நோயின் நிலையையும் ஆராய்வதோடு காலத்தையும் எண்ணிச் செயற்பட வேண்டும் என்று கூறியுள்ளார். அளவு, காலம் என்னும் இவ்விரண்டையும் மனிதன் எவ்வாறு தன்வயப்படுத்தினான் என்பதை இப்பாடத்திற் காண்போம்.

இங்கிலாந்தில் வில்லியம் விதரிங் என்னும் மருத்துவர் வாழ்ந்தார். உடலில் நீர் கோத்து வீங்கும் நோய்க்கு ஒரு குடும்பத்தார் வழிவழியாகக் கையாண்ட மருந்தைப் பற்றி, 1775ஆம் ஆண்டில் அவரிடம் கருத்துக் கேட்டனர். ஷ்ராப்ஷயர் பகுதியைச் சேர்ந்த மூதாட்டி ஒருத்தி அம்மருந்தை நெடுங்காலம் பிறர் அறியாவண்ணம் காத்து வந்தாள். கற்ற மருத்துவர்கள் கைவிட்ட நோயாளர் சிலரையும் அவள் குணப்படுத்தினாள் என்பர். மூலிகைகள் இருபதோ அதற்கு மேலோ கலந்த அக்கலவையுள், பயன் தருவது பாக்ஸ்குளோவ் என்னும் செடியே என விதரிங் உய்த்துணர்ந்தார். தாவர நூலார் அதனை டிஜிட்டாலிஸ் என்று வழங்குவர்.

செடியைக் கண்டறிந்ததோடு அவர் வேலை முடிந்துவிடவில்லை. உண்மையான வேலை அதன் பின்னரே தொடங்கியது. தளர்ந்த இதயத்திற்கு அவ்விலை வலிமை தரும். ஆனால், அளவு சிறிது மிகுமாயின், வாந்தி உண்டாகும், பார்வை மயங்கும், நாடி தளரும், இறுதியில் உயிரும் நீங்கும். பயன் தரும் அளவுக்கும் கேடு விளைக்கும் அளவுக்கும் இடையேயுள்ள எல்லை மிகக் குறுகியது. அவ்வெல்லையைக் காண விதரிங் பத்தாண்டுகள் உழைத்தார். இலையின் வலிமை பருவந்தோறும் மாறுபடுதலை உணர்ந்து, செடி பூக்கும் பருவத்தில் இலையைப் பறித்து உலர்த்திப் பொடியாக்கினார். அப்பொடியைச் சிறு அளவிலே கொடுத்து நோயாளியைக் கூர்ந்து நோக்கினார். 1785ஆம் ஆண்டில் தம் அனுபவங்களை நூலாக வெளியிட்டபோது, பயனளித்த சிகிச்சைகளோடு பயனளியாதவற்றையும் ஒளியாமல் எழுதினார். பிற மருத்துவர் எங்கே அஞ்சி நிற்க வேண்டும் என்பதை அந்நேர்மையே அறிவித்தது.

பொடியிலும் ஒரு குறை இருந்தது. மண், மழை, பருவம் ஆகியவற்றிற்கேற்ப இலையின் வலிமை மாறும். ஒரே எடையுள்ள இரண்டு பொடிகளில் மருந்துப் பொருள் ஒரே அளவாக இராது. எனவே, வேதியியல் அறிஞர் செடியினுள் மறைந்துள்ள பொருளைத் தனியே பிரித்தெடுக்க முயன்றனர். ஜெர்மானியரான செர்ட்டூர்னர், அபினியிலிருந்து மார்பின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்து, அதனைப் பற்றிய விரிவான கட்டுரையை 1817இல் வெளியிட்டார். பிரெஞ்சு நாட்டினரான பெல்லத்தியேயும் கவாந்துவும் 1820இல் சிங்கோனா மரப்பட்டையிலிருந்து குயினைனை எடுத்தனர். டிஜிட்டாலிஸ் இனச் செடியொன்றிலிருந்து டிகாக்சின் என்னும் தூய பொருள் 1930இல் கிடைத்தது. இன்று அம்மாத்திரையில் வழக்கமாக உள்ள மருந்து, 1 மில்லிகிராமில் கால் பங்கே ஆகும். இலையைக் கிள்ளி அளந்த நிலை மாறி, எண்ணால் அளக்கும் நிலை இவ்வாறு வந்தது.

அளவு கைவந்தது, காலமோ இன்னும் கைவரவில்லை. நாம் உண்ணும் மாத்திரை வயிற்றிற் கரைகின்றது, குருதியிற் கலக்கின்றது. அப்போது மருந்தின் அளவு விரைந்து உயர்கின்றது. பின்னர்க் கல்லீரலும் சிறுநீரகமும் அதனைச் சிதைத்தும் வெளியேற்றியும் குறைக்கின்றன. டிகாக்சின் உடலில் நெடுநேரம் தங்கும் இயல்புடையது. ஆதலால், நாளுக்கு ஒரு முறை உண்பதே பெரும்பாலும் போதும். ஆனால், சில மணி நேரத்திலேயே நீங்கிவிடும் மருந்துகள் பல உள்ளன. அவற்றை உண்டவுடன் அளவு மிகுந்து தொல்லை தரும். சற்று நேரத்தில் அளவு குறைந்து நோய் மீண்டும் தலைகாட்டும்.

ஏரிப் பாசனத்தை எண்ணிப் பாருங்கள். ஏரியில் நிறைந்துள்ள நீரே பயிருக்கு உயிர். ஆயினும், கரை உடைந்து அந்நீர் முழுவதும் ஒரே இரவிற் பாய்ந்தால் பயிர் அழுகும்; மறுவாரம் வயல் வறண்டு வெடிக்கும். மதகின் வழியே நாள்தோறும் அளவாகப் பாயும் நீரே நெல்லை விளைவிக்கும். நீர் ஒன்றே, மதகினால் அன்றோ அழிவு ஆக்கமாகின்றது! மருந்துக்கும் இத்தகைய மதகு ஒன்று வேண்டும் என்று அறிஞர் எண்ணினர்.

1952ஆம் ஆண்டில் அமெரிக்க மருந்து நிறுவனம் ஒன்று ‘ஸ்பான்ஸ்யூல்’ என்னும் பெயரால் ஒரு புதிய உறைமாத்திரையை வெளியிட்டது. அதனுள் நூற்றுக்கணக்கான நுண்ணிய மணிகள் இருந்தன. அவற்றின் மேற்பூச்சு, சிலவற்றில் மெல்லியதாகவும் சிலவற்றில் தடித்தும் இருந்தது. மெல்லிய பூச்சுள்ளவை முன்னும், தடித்த பூச்சுள்ளவை பின்னுமாகக் கரைந்தமையால், ஒரு முறை உண்ட மருந்து பல மணி நேரம் பயன் தந்தது. பிற்காலத்தில் வேறு முறைகளும் தோன்றின. அவற்றுள் ஒன்று, தாவரங்களின் நார்ப்பொருளாகிய செல்லுலோசிலிருந்து ஆக்கப்பட்ட பொருளோடு மருந்தைக் கலந்து மாத்திரை செய்வதாகும். அம்மாத்திரை வயிற்றில் நீர் பட்டவுடன் கூழ்போலப் பருக்கும். அக்கூழின் ஊடே மருந்து மெல்ல மெல்லக் கசிந்து வெளிவரும்.

இத்துறையில் நினைக்கத்தக்க மற்றொருவர் அலெகாந்திரோ சஃபரோனி ஆவார். அவர் 1923இல் உருகுவே நாட்டிற் பிறந்தவர். நம் உடலிலுள்ள சுரப்பிகள், தாம் சுரக்கும் நீர்களைச் சிறுகச் சிறுகத் தேவைக்கேற்பவே குருதியிற் சேர்க்கின்றன. மனிதனோ மருந்தை மொத்தமாக விழுங்குகிறான். உடல் கையாளும் முறையையே மருந்துக்கும் கையாண்டால் என்ன என்று அவர் கருதினார். இதற்கென 1968இல் அமெரிக்காவில் ஒரு நிறுவனத்தைத் தோற்றுவித்தார். அந்நிறுவனத்தின் முயற்சியால் உருவான தோலொட்டு மருந்து, 1979இல் அந்நாட்டு அரசின் ஒப்புதலைப் பெற்றது. அதில் அடங்கிய மருந்து ஸ்கோபோலமின் என்பதாகும்.

ஸ்கோபோலமின் நமக்கு அயலான பொருள் அன்று. நம் ஊர்களின் தரிசு நிலங்களில் முள்ளுடைய காயோடு நிற்கும் ஊமத்தைச் செடியில் அஃது உள்ளது. ஊமத்தையை உண்டவர்க்கு நாவறளும், கண்மணி விரியும், அறிவு மயங்கும், உயிரும் போதல் கூடும். அத்தகைய நஞ்சே, தோலொட்டில் அமைந்தபோது, கடற்பயணத்தில் நேரும் தலைச்சுற்றலையும் வாந்தியையும் தடுக்கும் மருந்தாயிற்று. சிறு நாணயம் அளவான அவ்வொட்டைக் காதின் பின்னே ஒட்டிக்கொள்வர். அதனுள் மருந்தைத் தாங்கிய அடுக்கு ஒன்று உண்டு. அதற்கும் தோலுக்கும் இடையே நுண்டுளைகள் நிறைந்த மெல்லிய படலம் ஒன்று உண்டு. அப்படலமே மதகு. அதன் வழியே 3 நாட்களில் ஏறத்தாழ 1 மில்லிகிராம் மருந்து தோலினூடே குருதியைச் சென்றடைகின்றது.

இவ்வரலாறு நமக்கு இரண்டு எச்சரிக்கைகளைத் தருகின்றது. முதலாவது, பச்சிலைதானே, தீங்கு செய்யாது என்று எண்ணி, அறியாத செடியை உண்ணலாகாது, பிறர்க்குக் கொடுக்கவுமாகாது. பச்சிலைக்கு உண்மையான ஆற்றல் உண்டு. ஆற்றல் உள்ள பொருளுக்கு அளவும் கட்டாயம் உண்டு. இரண்டாவது, மெல்லக் கரையும்படி செய்யப்பட்ட மாத்திரையைப் பொடித்தலோ மெல்லுதலோ கூடாது. வீட்டிலுள்ள முதியவர் விழுங்க இயலாமல் வருந்துவதைக் கண்டு, அன்பு மிகுதியால் அதனை நசுக்கி நீரிற் கரைத்துக் கொடுப்பார் உளர். அச்செயல் ஏரிக்கரையை உடைத்து விடுதலை ஒக்கும். ஒரு நாள் முழுவதும் பயன் தரவேண்டிய மருந்து சிறிது நேரத்திலேயே குருதியிற் பாய்ந்து, உயிர்க்கே இடர் விளைக்கலாம். அத்தகைய நிலையில் மருத்துவரையோ மருந்தாளுநரையோ வினவி, அவர் கூறும் வேறு வகை மருந்தைக் கொடுத்தலே முறை.

மூதாட்டியின் மூலிகை அறிவும், விதரிங்கின் பொறுமையும், வேதியியல் அறிஞரின் நுட்பமும், சஃபரோனியின் சிந்தனையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்தே நோயுற்றோர்க்கு நலம் தந்தன. அவர்கள் தேடித் தந்த அளவையும் காலத்தையும் போற்றிக் காத்தல், மருந்தைக் கையில் எடுக்கும் ஒவ்வொருவருக்கும் உரிய கடமையாகும்.