தானே தோட்டா ஏற்றும் துப்பாக்கி: சிதறலும் திருத்தமும்

திருவனந்தபுரத்தில் துப்பாக்கி சுடுதல் பயிலுவோர்க்கு வட்டியூர்க்காவு சுடுகளம் நன்கு அறிமுகமான இடம். 2015-ஆம் ஆண்டில் கேரளத்தில் நடைபெற்ற 35-ஆவது தேசிய விளையாட்டுகளின் துப்பாக்கிப் போட்டிகள் அங்கேதான் நடந்தன. 2017-ஆம் ஆண்டில் தேசியத் துப்பாக்கி சுடும் போட்டியும் அவ்விடத்திலேயே நடைபெற்றது. நகரின் தென்கிழக்கே உள்ள மூக்குன்னிமலையோ நெடுங்காலமாகப் படைகளின் சுடுபயிற்சிக்குப் பயன்பட்டு வருகிறது. இவ்விரு இடங்களிலும் கையாளப்படும் ஆயுதங்கள் வேறு வேறு. ஆயினும் இலக்குத் தாளில் விழும் துளைகளைப் படித்தறியும் முறை ஒன்றே. அம்முறையை, தானே தோட்டா ஏற்றும் துப்பாக்கியை உதாரணமாகக் கொண்டு விளக்குவது இப்பாடத்தின் நோக்கம். பயிற்சி அளிக்கும் களப்பணியாளர்க்கும், மாணவர் படையைப் பொறுப்பேற்று நடத்தும் ஆசிரியர்க்கும், அளவீட்டுப் பிழைகளைப் பற்றி வகுப்பில் கற்பிப்போர்க்கும் இது ஒருங்கே பயன்படும்.

1. துப்பாக்கியின் இயல்பு

ஒரு தோட்டா வெடித்ததும், அதன் வாயுவின் ஒரு பகுதியையோ பின்னுதைப்பையோ பயன்படுத்தி, வெற்றுக்கூட்டை வெளியேற்றி, அடுத்த தோட்டாவைத் தானே அறையில் ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி இவ்வகையைச் சேர்ந்தது. ஒவ்வொரு குண்டுக்கும் விசையைத் தனித்தனியே அழுத்தவேண்டும். ஆதலின் இதனை அரைத் தானியங்கித் துப்பாக்கி என்பர்.

சர்வதேச விதிகளின்படி நடைபெறும் 50 மீட்டர் ரைபிள் போட்டிகளில் ஒவ்வொரு தோட்டாவையும் கையால் ஏற்றும் துப்பாக்கிகளே அனுமதிக்கப்படுகின்றன. 25 மீட்டர் கைத்துப்பாக்கிப் போட்டிகளில் தானே ஏற்றும் வகை பயன்படுகிறது. ரைபிள்களில் இவ்வகைக்கு உரிய இடம் படையினரும் போலீசாரும் பங்குபெறும் போட்டிகளாகும்.

இந்தியாவில் இவ்வகைக்குப் பெயர்பெற்றது இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்யப்பட்ட 7.62 மி.மீ. 1ஏ1 துப்பாக்கி. பெல்ஜிய நாட்டு எஃப்.என். ஃபால் துப்பாக்கியின் அமைப்பைத் தழுவிய இது 1960-களில் படைக்கு வந்தது. 1990-களின் பிற்பகுதியிலிருந்து இன்சாஸ் துப்பாக்கி படையில் இதன் இடத்தைப் பெறத் தொடங்கியது. எனினும் பாடத்துக்கு ஏற்ற உதாரணம் இதுவே.

2. நெருக்கமும் மையப் பொருத்தமும்

பத்துக் குண்டுகள் ஒன்றையொன்று ஒட்டி, ஆனால் மையத்துக்கு இடப்புறம் விழுந்துள்ளன எனக் கொள்க. மற்றொரு தாளில் பத்துக் குண்டுகள் மையத்தைச் சுற்றி அகலப் பரவியுள்ளன. முதல் தாளில் நெருக்கம் உண்டு. மையப் பொருத்தம் இல்லை. இரண்டாவதில் மையப் பொருத்தம் உண்டு, நெருக்கம் இல்லை.

முதற்குறை குறிக்கருவியை நகர்த்தினால் நீங்கும். இரண்டாவது குறையை எத்துணை நகர்த்தினும் நீக்கவியலாது. சிதறலின் காரணத்தைத் தேடிக் களையவேண்டும். ஆகவே முதலில் நெருக்கம், பின்னரே மையம் என்பது மாறாத வரிசை. இவ்வரிசையைத் தலைகீழாக்குவதால் நல்ல துப்பாக்கிகள் பழுதெனத் தள்ளப்படுகின்றன. நல்ல மாணவர் தகுதியற்றவர் எனக் கருதப்படுகின்றனர்.

சிதறலின் அளவைக் கோணத்தால் கூறுவது வழக்கம். ஒரு கலை, அதாவது ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு, 100 மீட்டர் தூரத்தில் 29 மி.மீ. ஆகும், 300 மீட்டரில் 87 மி.மீ. ஆகும். சர்வதேச 300 மீட்டர் இலக்கில் பத்தாம் வளையத்தின் குறுக்களவு 100 மி.மீ. எனவே அவ்வளையத்துக்குள் எல்லாக் குண்டுகளும் அடங்கவேண்டுமாயின் மொத்தச் சிதறல் ஒரு கலையைச் சிறிதளவே மிஞ்சலாம். படைக்கெனச் செய்யப்பட்ட துப்பாக்கி, சாதாரணத் தோட்டாவைக் கொண்டு, இதனினும் பன்மடங்கு சிதறுவது இயல்பே.

3. சிதறலின் மூலங்கள்

சிதறல் மூன்று இடங்களில் பிறக்கிறது: சுடுபவர், தோட்டா, துப்பாக்கி.

(அ) சுடுபவர்: 1ஏ1 வகைத் துப்பாக்கியில் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே ஏறத்தாழ 55 செ.மீ. உள்ளது. பின்குறியின் துளை நடுவில் முன்குறி நிற்கவேண்டிய இடத்திலிருந்து ஒரு மி.மீட்டரில் பத்தில் ஒரு பங்கு விலகினால், 100 மீட்டரில் குண்டு 18 மி.மீ. விலகும், 300 மீட்டரில் 54 மி.மீ. விலகும். கண் இலக்கின்மீது பதிந்து முன்குறி மங்கினால் இத்தகைய பிழை எளிதில் நேரும். விசையைத் திடீரென இழுத்தல், மூச்சை அடக்காமை, தோளில் கட்டையை ஒவ்வொரு முறையும் வெவ்வேறாகப் பொருத்துதல் ஆகியனவும் இவ்வகையே.

(ஆ) தோட்டா: 7.62 மி.மீ. குண்டு குழலிலிருந்து வினாடிக்கு ஏறத்தாழ 840 மீட்டர் வேகத்தில் புறப்படுகிறது. 300 மீட்டரைக் கடக்க அதற்கு வினாடியில் ஐந்தில் இரண்டு பங்கு நேரம் ஆகிறது. அந்நேரத்தில் அது ஏறக்குறைய 80 செ.மீ. தாழ்கிறது. வேகம் வினாடிக்கு 10 மீட்டர் குறைந்தால் இத்தாழ்வு சுமார் 2 செ.மீ. மிகுதியாகும். தோட்டாக்களை வெயிலில் வைத்தால் மருந்து சூடேறி வேகம் கூடும். நிழலில் வைத்தவற்றோடு அவை கலந்தால் துளைகள் மேலும் கீழுமாக நீளும். ஆகவே ஒரே தொகுதித் தோட்டாக்களை ஒரே நிழலில் வைத்துச் சுடுவதே செலவில்லாத முதல் திருத்தம்.

(இ) துப்பாக்கி: குண்டு குழலினுள் இருப்பது வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே. அதற்குள் குழல் அதிரத் தொடங்கிவிடுகிறது. ஒவ்வொரு முறையும் அதிர்வு ஒரே விதமாக இருப்பின் தீங்கில்லை, மாறினால்தான் சிதறல். மழைக்காலத்தில் ஈரத்தால் ஊதிய மரக்கட்டை குழலில் அழுந்துதல், தோள்வாரைச் சிலபோது இறுக்கியும் சிலபோது தளர்த்தியும் பிடித்தல், குழல் முனையில் பொருத்திய உறுப்பு தளர்தல் ஆகியவை அதிர்வை மாற்றுவன. குழல் முனையின் விளிம்பு தேய்ந்து ஒருபுறம் சரிந்தால், வெளியேறும் வாயு குண்டைச் சமமின்றித் தள்ளும். எண்ணெய் பூசிய குழலில் சுடும் முதற்குண்டு ஏனையவற்றிலிருந்து விலகி விழுவதும் உண்டு. இதன்பொருட்டே போட்டிக்குமுன் குழலை உலரத் துடைப்பர்.

4. தானே ஏற்றுவதால் வரும் தனிக்குறைகள்

வாயுவும் உறுப்புகளும் அசைவதே சிதறலுக்குக் காரணம் எனப் பலர் கருதுவர். இது முழுவதும் உண்மையன்று. பூட்டு விடுபட்டுப் பின்செல்லுமுன் குண்டு குழலை விட்டு நீங்கிவிடுகிறது. ஆகவே பூட்டின் ஓட்டம் சுட்ட குண்டைக் கெடுப்பதைவிட, அடுத்த தோட்டா அறையில் அமரும் விதத்தையே பெரிதும் பாதிக்கிறது.

முதல் தோட்டாவைக் கையால் ஏற்றுகையில் பூட்டு ஒரு விதமாக அமரும். பின்னவற்றைத் துப்பாக்கி தானே விரைந்து ஏற்றுகையில் வேறு விதமாக அமரலாம். இதனால் பத்தில் முதற்குண்டு மட்டும் விலகி விழும். ஒவ்வொரு தொகுதியிலும் முதல் துளையைத் தனியே குறித்துவைத்தால் இக்குறை வெளிப்படும்.

1ஏ1 வகையில் கவனிக்கத்தக்கவை இன்னும் இரண்டு. அதன் பூட்டு பின்முனை கீழ்நோக்கிச் சாய்ந்து ஒரு தாங்கியில் முட்டி நிற்பது. கையால் இயக்கும் பல துப்பாக்கிகளின் பூட்டு முன்முனையில் இருபுறமும் சமமாகப் பற்றுவது. அச்சமநிலை இங்கு இல்லை. மேலும், முன்குறி குழலோடும் பின்குறி விசைப்பகுதியோடும் சேர்ந்துள்ளன. இவ்விரு பகுதிகளும் ஒரு கீலால் இணைவன. கீலும் தாழும் தேய்ந்து அசைவு ஏற்பட்டால், சுடுபவர் பிழையின்றிக் குறிபார்த்தும் குறிக்கோடே மாறிவிடும். துப்பாக்கியைக் கையில் ஏந்தி இவ்விணைப்பை மெல்ல அசைத்துப் பார்ப்பதே இதற்குரிய சோதனை. துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளல் வேண்டும்.

வாயுவின் அளவைக் கட்டுப்படுத்தும் வளையம் இத்துப்பாக்கியில் உண்டு. தேவைக்கு மிஞ்சிய வாயு உறுப்புகளைக் கடுமையாக மோதச்செய்து தேய்மானத்தை வளர்க்கும். குறைந்த வாயு தோட்டா ஏறுவதைத் தடுக்கும். தவறாது இயங்கப் போதுமான அளவே ஏற்றது.

5. பெரும்பிழையை முதலில் நாடுக

மூன்று மூலங்களின் பிழைகளும் நேராகக் கூடுவதில்லை. ஒவ்வொன்றின் வர்க்கத்தையும் கூட்டி, வர்க்கமூலம் காணவேண்டும். உதாரணமாக 300 மீட்டரில் துப்பாக்கியின் பிழை 60 மி.மீ., தோட்டாவினது 40 மி.மீ., சுடுபவருடையது 80 மி.மீ. எனக் கொள்க. மொத்தம் 108 மி.மீ. ஆகும். அரிய தோட்டாவை வாங்கி அதன் பிழையைப் பாதியாக்கினாலும் மொத்தம் 102 ஆகவே குறையும். பயிற்சியால் சுடுபவரின் பிழையைப் பாதியாக்கினால் மொத்தம் 82 ஆகிவிடும். பணம் கொடுத்துப் பெறும் திருத்தத்தைவிடப் பயிற்சியால் பெறும் திருத்தம் மேம்பட்டு நிற்பதன் காரணம் இதுவே.

எம்மூலம் பெரிது என்பதை அறிய, மணல்மூட்டையின்மேல் துப்பாக்கியைத் தாங்கிச் சுடவேண்டும். சிதறல் மிகவும் சுருங்கினால் குறை சுடுபவரிடம் உள்ளது. சுருங்காவிடில் வேறு தொகுதித் தோட்டாவைச் சோதிக்கவேண்டும். அதன் பின்னரே துப்பாக்கியைக் குறைகூறல் தகும். உறுப்புகளை அராவுதல், விசையின் கனத்தை மாற்றுதல் போன்றவை ஆயுதத்துக்குப் பொறுப்பான பயிற்சி பெற்ற தொழில்நுட்பரின் வேலை. ஒருமுறை அராவிய உலோகம் மீள்வதில்லை.

6. ஒவ்வொரு குண்டையும் துரத்தலாகாது

ஒரு குண்டு வலப்புறம் விழுந்ததும் குறியை இடப்புறம் நகர்த்துவதும், அடுத்தது இடப்புறம் விழுந்ததும் மீண்டும் வலப்புறம் நகர்த்துவதும் பயிற்சிக் களங்களில் காணப்படும் பழக்கம். இது திருத்தமாகத் தோன்றினும் உண்மையில் கேடு. முந்திய குண்டின் தற்செயல் பிழை அடுத்த குண்டின் பிழையோடு சேர்ந்துவிடுகிறது. இவ்வாறு ஒவ்வொரு முறையும் முழு விலக்கத்தையும் திருத்துவோரின் சிதறல், குறியைத் தொடாதோரின் சிதறலைப்போல் 1.4 மடங்கு ஆகும் எனக் கணிதம் காட்டுகிறது.

முறையான வழி பின்வருமாறு: பத்துக் குண்டுகளைக் குறியை மாற்றாமல் சுடுக. மையத்திலிருந்து ஒவ்வொன்றின் கிடைவிலக்கத்தையும் செங்குத்து விலக்கத்தையும் அளந்து சராசரி காண்க. அச்சராசரிப் புள்ளியின் நிச்சயமின்மை ஒரு குண்டினதில் மூன்றில் ஒரு பங்கு அளவே இருக்கும். பின்னர் அச்சராசரிக்கு ஒருமுறை மட்டும் திருத்துக. 100 மீட்டரில் சராசரி விலக்கம் 60 மி.மீ. எனில், குறியை நகர்த்தவேண்டிய அளவு 0.33 மி.மீ. பின்குறியைக் குண்டு செல்லவேண்டிய திசையிலும், முன்குறியை அதற்கு எதிர்த்திசையிலும் நகர்த்தவேண்டும்.

ஐந்து குண்டுத் தொகுதி ஒன்றைமட்டும் கண்டு முடிவுசெய்தலும் தவறு. ஒரே துப்பாக்கி, ஒரே தோட்டா, ஒரே சுடுபவர் எனினும், ஒரு தொகுதி மற்றொன்றைப்போல் ஒன்றரை மடங்கு அகன்றிருத்தல் வியப்பன்று.

7. காற்றும் தும்பாவின் பாடமும்

கடற்காற்று வீசும் திருவனந்தபுரத்தில் காற்றை மறத்தல் இயலாது. வினாடிக்கு 2 மீட்டர் வேகமுள்ள குறுக்குக்காற்று, 300 மீட்டரில் 7.62 மி.மீ. குண்டைச் சுமார் 12 செ.மீ. ஒதுக்கும். பத்தாம் வளையத்தின் நடுவில் விழவேண்டிய குண்டு எட்டாம் வளையத்தில் விழும். இது தற்செயல் பிழையன்று. காரணம் தெரிந்த பிழை. ஆதலின் சுடுமுன் கொடியையும் புல்லையும் நோக்கி இதற்கு ஈடுசெய்தல் தகும்.

இதே கொள்கையைப் பெரிய அளவில் நகரின் வடமேற்கே உள்ள தும்பாவில் காணலாம். 1963-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள் அங்கிருந்து நைக்-அப்பாச்சி ராக்கெட் ஏவப்பட்டது. அத்தகைய ஆய்வு ராக்கெட்டுகளில் வழிநடத்தும் கருவி இல்லை. ஏவியபின் அவற்றைத் திருத்தவியலாது. எனவே ஏவுமுன் காற்றின் வேகத்தைப் பல உயரங்களில் அளந்து, ஏவுதண்டவாளத்தின் சாய்வையும் திசையையும் அதற்கேற்ப அமைப்பர். சாய்ந்த சிறகுகளால் ராக்கெட் சுழல்வதால், உந்துதலில் உள்ள சிறு கோணல் ஒரே பக்கம் குவியாமல் சுற்றிலும் பகிரப்படுகிறது. காரணம் தெரிந்த பிழைக்கு முன்கூட்டியே ஈடு, தெரியாத பிழைக்குச் சராசரி என்னும் இவ்விரண்டுமே துப்பாக்கிக்கும் ராக்கெட்டுக்கும் பொதுவான விதி.

8. வகுப்பறைச் சோதனை

துப்பாக்கி இன்றியே இதனைக் கற்பிக்கலாம். அகன்ற தட்டில் மணலைப் பரப்பி நடுவில் ஒரு குறியிடுக. மாணவர் ஒருவர் தலைக்குமேல் உயர்த்திய கையிலிருந்து கோலிக்குண்டை இருபது முறை போடட்டும். கை எப்போதும் ஒரே இடத்தில் இருக்கவேண்டும். ஒவ்வொரு குழியின் விலக்கத்தையும் அளந்து எழுதியபின் மணலைச் சமன்செய்க. அடுத்த இருபது முறை, முந்திய குண்டு விலகிய அளவுக்குக் கையை எதிர்ப்புறம் நகர்த்திப் போடட்டும். இரு அட்டவணைகளையும் ஒப்பிட்டால், ஓயாது திருத்தியவரின் குழிகளே அதிகம் சிதறியிருப்பதை மாணவர் தாமே காண்பர்.

பயிற்சி வினாக்கள்

1. 200 மீட்டரில் ஒரு கலை எத்தனை மி.மீ. ஆகும்?
2. பிழைகள் முறையே 30, 40, 120 மி.மீ. எனில் மொத்தப் பிழை யாது? எதனை முதலில் குறைக்கவேண்டும்?
3. பத்துத் தொகுதிகளிலும் முதற்குண்டு மட்டும் மேலே விழுகிறது. இதற்கு இரு காரணங்கள் கூறி, அவற்றைப் பிரித்தறியும் சோதனை ஒன்றை வகுக்க.
4. மழைமானியைப் படிக்கும் களப்பணியாளர் ஒருவர், ஒருநாள் அளவு மிகுந்ததும் கருவியைத் திருத்துகிறார். இச்செயலின் குறை யாது?