விற்றபின் குறைக்கும் வாணிகம்

பொருளை விலைக்கு விற்றவன், விற்றபின் அதன் உறுப்பொன்றைக் கழற்றிக்கொள்ளுதல் முறையாமோ என்பதை ஈண்டு ஆராய்வாம்.

காளப்பநாயக்கன்பட்டிக் கடையொன்றில் மண்வெட்டி வாங்கிய உழவன், காரவல்லி வழியே 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலை ஏறிவிடுகின்றான். கடைக்காரன் பின்சென்று அதன் காம்பைப் பறிப்பானாயின், உலகம் அவனைக் கள்வன் என்னும். மென்பொருளால் இயங்கும் கருவிகளோ, விற்றபின்னும் விற்றவன் கைக்கு எட்டுவன. இணையவழி அவன் அனுப்பும் புதுப்பிப்பு, பிழையைத் திருத்தவும் வல்லது; பயனைக் குறைக்கவும் வல்லது.

சோனி நிறுவனம் தன் பிளேஸ்டேஷன் 3 என்னும் விளையாட்டுக் கருவியில் லினக்ஸ் இயங்குதளத்தையும் நிறுவிக்கொள்ள இடமளித்திருந்தது. 2010 ஏப்ரல் 1-இல் வந்த புதுப்பிப்பு அவ்வசதியை நீக்கிற்று. அதனை ஏலாதார், இணையத்தில் பிறரோடு ஆடும் வாய்ப்பை இழந்தனர். வாங்கினோர் அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்கிட, பல்லாண்டுகட்குப் பின்னரே இழப்பீடு தர நிறுவனம் இசைந்தது.

மற்றொன்று தமிழ் பயிலும் நம்மைச் சார்ந்தது. அமேசான் நிறுவனம் 2016-ஆம் ஆண்டிறுதியில் கிண்டிலில் தமிழ் நூல்களை விற்கத் தொடங்கிற்று. கிண்டில் கருவி உடையார், வாங்கிய நூலின் படியைக் கணினியில் இறக்கிக் கம்பிவழிக் கருவிக்கு மாற்றிக்கொள்ளலாயிருந்தது. இணையம் அரிதாகிய மலையூர்களுக்கு இது பெருந்துணை. 2025 பிப்ரவரி 26-இல் இவ்வழி அடைக்கப்பட்டது. முன்னரே விலை கொடுத்து வாங்கிய நூல்களுக்கும் விலக்கில்லை. நூலைப் படிக்கலாம், அதன் படியை அவ்வழியே கணினியில் இறக்கிக் கருவிக்கு மாற்றுதல் இயலாதாயிற்று.

நிறுவனங்கள் பாதுகாப்பையும், 'விற்றது பொருளன்று, பயன்படுத்தும் உரிமமே' என்னும் விதியையும் காட்டும். பாதுகாப்பு வேண்டற்பாலதே. ஆயினும் அதன்பொருட்டு ஒரு பயனைப் பறிப்பின், அதற்கீடு தருதல் கடன். உரிமமே விற்பதாயின், அதனை வாங்குமுன் தெளிவுறச் சொல்லல் வேண்டும். கலிபோர்னியா மாநிலம் 2025 ஜனவரி 1 முதல் இதனைச் சட்டமாக்கியுள்ளது. இருதரப்பாரும் இசைந்தே ஒப்பந்தத்தை மாற்றலாம் என்பது, 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் வகுத்த நெறி. படியாமலே நாம் அழுத்தும் 'இசைகிறேன்' என்னும் பொத்தான், அவ்விசைவை முன்னரே எழுதிக் கொடுத்து விடுகின்றது. ஆதலின் விதிகளைப் படித்து வாங்குதலும், குறைத்தவிடத்துக் கேட்டலும் நம் கடமையாம்.

கொல்லிமலைக்குரிய வல்வில் ஓரியின் வண்மையை வாணிகர்பால் நாம் வேண்டுகிலம். விற்றதை விற்றதாக விடும் நேர்மையையே வேண்டுகின்றாம்.