பிள்ளைக்குக் காத்திருக்கும் உங்கள் இருவருக்கும்

ஞாயிறு ஆராதனை முடிந்து காபி மேசைப் பக்கம் வந்து, "ஆன்ட்டி, நாங்களும் இந்தியாவிலிருந்து பிள்ளை எடுக்கப் பதிந்துவிட்டோம்" என்று நீங்கள் சொன்னதிலிருந்து என் மனம் உங்களையே சுற்றி வருகிறது. இதே டல்லாஸில் நாங்கள் மூன்றரை வருடம் காத்திருந்தோம். பதினைந்து வருடங்களுக்கு முன் எங்கள் மகள் வந்தாள். அப்போது அவளுக்கு நான்கு வயது. அன்று யாராவது சொல்லியிருக்கலாமே என்று நான் ஏங்கியவற்றை உங்களுக்கு எழுதுகிறேன்.

1. ஒரே வாசல் வழியாகப் போங்கள்.
அந்த வாசல், எல்லோரும் 'காரா' என்று சொல்லும் மத்திய தத்தெடுப்பு ஆதார ஆணையம். நாம் இங்குள்ள அங்கீகாரம் பெற்ற ஏஜென்சி மூலம்தான் அங்கே பதிய முடியும். காத்திருப்பு நீளும்போது ஊரிலிருந்து போன் வரும்: "தெரிந்த ஆஸ்பத்திரியில் ஒரு பிள்ளை இருக்கிறது, கையோடு வாங்கிக்கொள்ளலாம்." சொல்பவர் சொந்தச் சித்தியாக இருக்கலாம், ஊழியக்காரராகவும் இருக்கலாம். போனை வைத்துவிடுங்கள். பணம் கைமாறினால் அது பிள்ளை விற்பனை, சிறைத்தண்டனை உண்டு.

2. தத்தெடுக்கும் உரிமை நமக்கு எவ்வளவு புதியது என்று தெரிந்துகொள்ளுங்கள்.
நம் பெற்றோர் காலத்தில் இந்தியக் கிறிஸ்தவர்கள் தத்தெடுக்க என்று ஒரு சட்டமே இல்லை. 1956-ஆம் ஆண்டுச் சட்டம் இந்துக்கள், பௌத்தர்கள், சமணர்கள், சீக்கியர்களுக்கு மட்டும். நமக்கு இருந்தது 1890-ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டம். பிள்ளையை வளர்க்கலாம், ஆனால் காப்பாளராகத்தான், தகப்பனாக அல்ல. 2000-இல் வந்த சிறார் நீதிச் சட்டமும் அதன் 2006 திருத்தமும்தான் மதம் பாராமல் எல்லோருக்கும் வழி திறந்தன. படிவம் நிரப்பி அலுக்கும்போது, கடைசிவரை 'காப்பாளர்' என்றே கையெழுத்துப் போட்ட நம் பெரியவர்களை நினையுங்கள். 'மகள்' என்று எழுத உங்களுக்கு ஒரு கட்டம் இருக்கிறது.

3. தேதிகளுக்குத் தனி நோட்டுப் போடுங்கள்.
அமெரிக்கக் குடிவரவுத் துறை தரும் ஐ-800ஏ ஒப்புதலும் கைரேகையும் 15 மாதம்தான் செல்லும். ஹோம் ஸ்டடி என்னும் வீட்டு ஆய்வுக்கும் காலக்கெடு உண்டு. பிள்ளை கிடைத்த வாரத்தில் ஒரு தாள் காலாவதியாகி நிற்பதைப் போல வேதனை வேறில்லை.

4. தாமதத்தின் உள்ளே நடப்பதைப் பாருங்கள்.
கைவிடப்பட்ட பிள்ளை கிடைத்த மறுநாளே தத்துக்கு வந்துவிடாது. முதலில் பெற்றோரைத் தேட வேண்டும். பிள்ளைக்கு இரண்டு வயதுக்குள் என்றால் இரண்டு மாதம், மேற்பட்டால் நான்கு மாதம் சட்டம் தருகிறது. தாயே ஒப்படைத்தாலும், மனம் மாறித் திரும்பி வர அவளுக்கு இரண்டு மாத அவகாசம் உண்டு. நடைமுறையில் இன்னும் நீளும். "சீக்கிரம் தாரும் ஆண்டவரே" என்றுதான் நாங்களும் ஜெபித்தோம். எங்கள் போதகர் ஒருநாள் அதை மாற்றிக் கொடுத்தார்: "அவள் தாயைத் தேடுகிறவர்கள் நேர்மையாகத் தேடட்டும்." நம் ஆசைக்கே எதிராகப் போகக்கூடிய ஜெபம் அது. ஆனாலும் ஜெபியுங்கள். நாளைக்கு உங்கள் மகள் கண்ணைப் பார்த்துப் பேச அந்த ஜெபம்தான் தைரியம் தரும்.

5. விசுவாசத்தைக் காட்ட 'ஆம்' என்று டிக் போடாதீர்கள்.
எந்தக் குறையுள்ள பிள்ளையை ஏற்பீர்கள் என்று கேட்டு, இதய ஓட்டை, உதட்டுப் பிளவு, காது கேளாமை என்று பட்டியல் வரும். "கர்த்தர் சுகமாக்குவார்" என்று எல்லாவற்றுக்கும் ஒப்புக்கொள்வது பக்தியல்ல. குழந்தை மருத்துவரோடு உட்கார்ந்து ஒவ்வொன்றையும் கேளுங்கள். உங்கள் இன்சூரன்ஸ், வேலை நேரம், பொறுமை மூன்றையும் எண்ணிப் பாருங்கள். சொல்லும் 'இல்லை' நேர்மையாக இருந்தால்தான் 'ஆம்' நிலைக்கும்.

6. கதவு அடைபட்டால் உங்களைக் குற்றம் சொல்லிக்கொள்ளாதீர்கள்.
2004-இல் அமெரிக்காவுக்கு ஏறக்குறைய 23,000 பிள்ளைகள் வெளிநாடுகளிலிருந்து தத்து வந்தார்கள். 2023-இல் 1,300-கூட இல்லை. குவாத்தமாலா, ரஷ்யா, எத்தியோப்பியா, 2024-இல் சீனா என்று ஒவ்வொன்றாக மூடின. இந்தியாவுக்குள்ளேயே 30,000-க்கும் மேற்பட்டோர் வரிசையில் நிற்கிறார்கள். ஒரு பிள்ளைக்குத் தன் ஊரிலேயே வீடு கிடைத்தால் அதற்கும் ஸ்தோத்திரம் சொல்லப் பழகுங்கள்.

7. பிள்ளையின் மொழியில் இருபது சொற்களாவது படியுங்கள்.
இந்தியப் பிள்ளைதானே என்று நாங்கள் தமிழ்த் தாலாட்டு மனப்பாடம் செய்தோம். புனேயிலிருந்து வந்தவளுக்குத் தெரிந்ததோ மராத்தி. இரண்டு வாரம் ஒரே சொல்: 'நகோ'. வேண்டாம் என்று அர்த்தம். இட்லியா, நகோ. குளிக்கலாமா, நகோ. என் மடியும் நகோ. ராத்திரி 'மாவ்ஷி' என்று அழுவாள். சித்தி என்று பொருள். இல்லத்து ஆயாவைப் பிள்ளைகள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். தலையணையைத் தூக்கினால் காய்ந்த சப்பாத்தித் துண்டுகள் இருக்கும். நான் திட்டவில்லை. மூடி போட்ட டப்பா ஒன்றைக் கட்டில் பக்கம் வைத்து, அது காலியாகாமல் பார்த்துக்கொண்டேன். ஆறு மாதம் கழித்து அவளே அதைக் கொண்டுவந்து அடுப்படியில் வைத்தாள்.

8. அவள் கதையைச் சாட்சி ஆக்காதீர்கள்.
தாய் யார், எங்கே விட்டாள் என்பதெல்லாம் அவள் சொத்து. சபையில் ஜெபக் குறிப்பாகக்கூடச் சொல்ல வேண்டாம். "தேவன் உன்னை எங்களுக்காகவே அங்கே பிறக்க வைத்தார்" என்றும் சொல்லாதீர்கள். நான் சொன்னேன். பதினோரு வயதில் அவள் கேட்டாள்: "அப்போ உங்களுக்காகத்தான் எங்க அம்மா என்னை இழந்தாங்களா?" அன்றைக்கு நான் மன்னிப்புக் கேட்டேன்.

9. ரோமர் எட்டாம் அதிகாரத்தை மறுபடி வாசியுங்கள்.
தத்தெடுப்பை நம் வேதம் புத்திர சுவிகாரம் என்கிறது. பவுல் அதைக் காத்திருப்போடு சேர்த்தே சொல்கிறார். அங்கே காத்திருப்பவர்கள் பெற்றோர் அல்ல, பிள்ளைகள். இதைக் கண்டபிறகு "நாங்கள் காத்திருக்கிறோம்" என்று சொல்வதை நான் குறைத்துக்கொண்டேன். எங்களுக்காவது நாள்காட்டி இருந்தது. அவளுக்கு எதற்குக் காத்திருக்கிறோம் என்பதுகூடத் தெரியாது.

10. படத்தை வெட்டாதீர்கள்.
எங்களுக்கு வந்த முதல் படத்தில் மஞ்சள் கவுன், கன்னத்தில் மைப்பொட்டு. ஓரத்தில் அவளைப் பிடித்திருக்கும் ஒரு கை, நிறையப் பச்சைக் கண்ணாடி வளையல். ஃப்ரேம் போடும்போது, அந்தக் கையை எடுத்துவிட்டால் முகம் பெரிதாகத் தெரியும் என்றார் கடைக்காரர். என் கணவர் சம்மதிக்கவில்லை. போன வருடம் காலேஜ் ஹாஸ்டலுக்குப் பெட்டி கட்டும்போது மகள் அந்தப் படத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அவள் விரல் வருடியது தன் முகத்தை அல்ல, அந்த வளையல்களை.

உங்களுக்கும் ஒரு படம் வரும், பிள்ளைகளே. ஓரத்தில் ஒரு கை இருந்தால் இருக்கட்டும். இன்று ராத்திரி உங்கள் பிள்ளைக்குச் சோறூட்டுவது அந்தக் கைதான்.