மேய்ந்து கெட்ட காட்டைத் திருத்தும் கொழுக்கட்டைப் புல்

காங்கயம், தாராபுரம், வெள்ளக்கோவில், மூலனூர் வட்டாரங்களில் மானாவாரி நிலத்தின் ஒரு பகுதியைக் கால்நடை மேய்ச்சலுக்கென்றே ஒதுக்கி வைப்பது தொன்றுதொட்டு வரும் வழக்கமாகும். இதற்குக் கொரங்காடு என்று பெயர். தரையில் கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம், சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி ஆகிய மூன்றும் சேர்ந்ததே கொரங்காடு. மூன்றும் வறட்சியைத் தாங்கி வளர்பவை.

அளவுக்கு மேல் மேய்க்கப்பட்ட காடுகளில் புல் அற்றுப்போகிறது. கோடையில் தட்டு வாங்க வழியில்லாத சிறு விவசாயி, மாட்டைக் கிடைத்த விலைக்கு விற்க நேரிடுகிறது. இத்தகைய காட்டையும் அதிகச் செலவின்றித் திருத்தலாம்.

நிலம் கெடுவது எப்படி?

துளிர்த்த புல்லைத் திரும்பத் திரும்பக் கடிக்க விட்டால் வேர் குறுகி, புல் பட்டுப்போகும். குளம்பு பட்டு மண் இறுகுவதால் மழைநீர் உள்ளே இறங்காமல் மேல்மண்ணை அரித்துச் செல்லும். கால்நடைகள் தொடாத ஆவாரையும் எருக்கும் மிஞ்சும். சீமைக்கருவேலும் புகுந்து பரவும்.

பகுதி பகுதியாக அடைத்தல்

முதல் வேலை விதைப்பது அன்று, அடைப்பதே. மேய்ச்சலை நிறுத்தாமல் தூவும் விதை வீணாகும். ஆனால் காடு முழுவதையும் அடைத்துவிட்டால் கால்நடைகளுக்கு வேறு போக்கிடம் இராது. எனவே காட்டை நான்காகப் பிரித்து, ஆண்டுக்கு ஒரு பகுதி வீதம் அடைத்துத் திருத்த வேண்டும். அந்த ஆண்டு மற்றப் பகுதிகளில் நெருக்கடி கூடும் என்பதால், தேவைக்கு மேற்பட்ட கிடாய்களையும் கழிவு ஆடுகளையும் நல்ல விலை உள்ளபோதே விற்றுவிடுவது நலம்.

அடைத்த பகுதியைச் சுற்றி, மழைக்கு முன்பாக முள்கிளுவைப் போத்துகளை நெருக்கமாக நட வேண்டும். அவை வேரூன்றித் தழைக்கும் வரை முள் வேலி காவலாக இருக்கட்டும். நுழைவழிக்கு ஒரு படல் போதுமானது.

விதைக்கும் முறை

சீமைக்கருவேலை வெட்டினால் மட்டும் போதாது. மீண்டும் துளிர்க்காதபடி வேரோடு தோண்டி எடுக்க வேண்டும். பிறகு சரிவுக்குக் குறுக்கே உழுது, சிறு வரப்புகள் அமைத்தால் மழைநீர் தங்கும்.

கொழுக்கட்டைப் புல் விதை ஏக்கருக்குச் சுமார் 3 கிலோ தேவை. புதிதாக உருவிய விதை சரியாக முளைக்காது. 6 மாதத்திற்கு மேல் வைத்திருந்த விதையையே பயன்படுத்த வேண்டும். விதை பஞ்சு போல இருப்பதால் ஈர மணலுடன் கலந்து, புரட்டாசிக் கடைசியில் அல்லது ஐப்பசி முதல் மழையில் தூவலாம். ஆழத்தில் விழுந்தால் முளைக்காது. முள் கொத்தை ஒருமுறை இழுத்துவிட்டால் போதும். நரிப்பயறு விதையையும் சிறிது கலந்துகொண்டால் மண்ணில் தழைச்சத்து கூடும். தீவனமும் சத்துள்ளதாக இருக்கும்.

வெள்வேல மரங்களை 40 அடி இடைவெளியில் விட்டால் ஏக்கருக்குச் சுமார் 25 மரம் நிற்கும். இவற்றின் நிழல் புல்லைக் கெடுப்பதில்லை. காய்கள் கோடைத் தீவனமாகும். காய் தின்ற ஆடுகளைக் கிடை அமர்த்தினால் புழுக்கையிலிருந்தே கன்றுகள் முளைக்கும். சீமைக்கருவேலும் இதே வழியில்தான் பரவுகிறது. ஆகவே அதன் காயைத் தின்ற கால்நடைகளைத் திருத்திய காட்டில் கிடை போடுதல் கூடாது.

மேய்ச்சலில் கவனம்

முதல் ஆண்டு கால்நடைகளை உள்ளே விடக் கூடாது. ஆனால் புல் விதை முற்றி உதிர்ந்த பின், ஒரு சாண் தூர் விட்டு அறுத்துப் போடலாம். இதனால் அடைத்த பகுதியும் அந்த ஆண்டே தீவனம் தரும்.

இரண்டாம் ஆண்டு முதல், புல் முழங்கால் உயரம் வந்ததும் மாடுகளை விடலாம். மாடு நாக்கால் சுருட்டி மேய்வதால் அடித்தூர் தப்பும். செம்மறியாடு தரையை ஒட்டிக் கடிக்கும். ஆதலால் மாடுகளை முன்னும் ஆடுகளைப் பின்னும் விட்டு, அரைச் சாண் தூர் இருக்கும்போதே வெளியேற்றிவிட வேண்டும். பிறகு மழைக் காலத்தில் 30 முதல் 40 நாள் ஓய்வு தேவை. வறட்சியில் புல் மீண்டும் தழையும் வரை காத்திருக்க வேண்டும்.

இவ்வாறு நான்கு பகுதிகளும் திருந்தியபின் மாற்றி மாற்றி மேய்த்து வந்தால், கோடையில் கால்நடைகளை விற்க வேண்டிய நிலையைப் பெரிதும் தவிர்க்கலாம்.