ஈரக் கரண்டியும் மே மாத வெயிலும்

கோடை லீவு விட்டதும் எங்கள் பாளையங்கோட்டைத் தெருவில் நாலைந்து பிள்ளைகளாவது வாசலில் வந்து நிற்கும். "ஆச்சி, அடுப்பில்லாம கேக் செய்யலாமாமே, சொல்லித் தாங்க." போனில் ஒரு நிமிஷ வீடியோ பார்த்திருப்பார்கள். பிஸ்கட்டை உடை, சாக்லேட்டை ஊற்று, ஃபிரிட்ஜில் வை, வெட்டு. வீடியோ எடுத்தவர் ஊரில் அன்றைக்கு இருபது டிகிரி இருந்திருக்கும். நம் ஊரில் அக்னி நட்சத்திரத்தின்போது மத்தியானம் 38-ஐத் தாண்டும். அடுப்பைப் பற்ற வைக்காவிட்டால் என்ன, வெளியே அது எரிந்துகொண்டுதானே இருக்கிறது? அந்த வெக்கையைச் சமாளிப்பதுதான் இந்தக் கேக்கில் உள்ள வேலை, மற்றதெல்லாம் பிசைவதுதான்.

நாற்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக் கொடுத்தவள் நான். கேக்கிலும் தப்புப் போட்டுத் திருத்தித்தான் படித்தேன்.

1. பெரியவர்கள் "இதுக்குப் பேரு கேக்கா?" என்று சிரிப்பார்கள், பொருட்படுத்த வேண்டாம். 2011 ஏப்ரலில் இங்கிலாந்து இளவரசர் வில்லியம் கல்யாணத்தில் பழக்கேக்கோடு இன்னொரு கேக்கும் வைத்தார்கள். அது மாப்பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்ட சாக்லேட் பிஸ்கட் கேக். நாம் உடைக்கப்போகும் மேரி பிஸ்கட்டும் ஒரு கல்யாணப் பண்டம்தான். 1874-ல் ரஷ்ய இளவரசி மரியாவை விக்டோரியா ராணியின் மகனுக்குக் கட்டிக் கொடுத்தபோது லண்டனில் பீக் ஃப்ரீன் கம்பெனி அவள் பெயரில் போட்ட பிஸ்கட் அது.

நான் இதைக் கற்றது ராஜா வீட்டிலிருந்து இல்லை. அந்தக் காலத்தில் நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றுக்குக் கொழும்பில் கடை உண்டு. 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு அக்கரையிலிருந்து திரும்பியவர்களும் ஏராளம். எழுபதுகளில் அப்படி வந்த ஓர் அக்கா எங்கள் அடுத்த வீட்டில் குடியிருந்தார். மேரி பிஸ்கட்டைப் பாலில் முக்கி ஒரு வரிசை, வெண்ணெயும் சீனியும் கோகோவும் அடித்த கலவை ஒரு வரிசை என்று பீங்கான் தட்டில் அடுக்குவார். 'பிஸ்கட் புடிங்' என்பது அவர் வைத்த பேர். இலங்கை வீடுகளில் விருந்து என்றால் இன்றும் அது உண்டு. தெருவில் ஒரே ஒரு வீட்டில்தான் ஃபிரிட்ஜ். தட்டைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டுக்கு நாங்கள் ஊர்வலம் போவோம். அது கரண்டியால் எடுத்துத் தின்பது. நாம் செய்யப்போவது கத்தியால் வெட்டும் ஜாதி. அதனால் பிஸ்கட்டைப் பாலில் முக்கக் கூடாது.

2. அளவைச் சொல்லிவிடுகிறேன், எழுதிக்கொள்ளுங்கள். மேரி பிஸ்கட் 250 கிராம். உப்பில்லாத வெண்ணெய் 100 கிராம். கண்டென்ஸ்டு மில்க் 200 கிராம், அதாவது பெரிய டின்னில் பாதி. டார்க் சாக்லேட் 150 கிராம். இனிப்பில்லாத கோகோ பவுடர் மூன்று மேஜைக்கரண்டி. வறுத்த முந்திரி ஒரு கைப்பிடி. உப்பு ஒரு சிட்டிகை, இதை மறந்தால் வெறும் தித்திப்புதான் மிஞ்சும். மேலே பூச இன்னும் 100 கிராம் சாக்லேட். சீனி வேண்டாம், டின் பாலில் இருப்பதே அதிகம். சிலர் பச்சை முட்டை அடித்து ஊற்றுவார்கள். வேகாத முட்டை நம் வெயிலுக்கு ஆகாது.

3. இனி ஈரம். இதைக் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள்.

நம் அடுக்களையில் எல்லாமே ஈரம்தான். பாத்திரத்தைக் கழுவி, ஓர் உதறு உதறி, அப்படியே அடுப்பில் ஏற்றுவோம். கரண்டியைத் தண்ணீரில் அலசிக் குழம்பில் போடுவோம். சோற்றுக்கும் சாம்பாருக்கும் அது சரி. உருகிய சாக்லேட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் தீர்ந்தது. சாக்லேட் என்பது கொழுப்புக்குள் மிதக்கும் சீனித் தூளும் கோகோத் தூளும். சொட்டுத் தண்ணீர் பட்டதும் சீனி ஈரமாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பளபளவென்று ரிப்பன் மாதிரி வழிந்துகொண்டிருந்தது கண் முன்னாலேயே மங்கி, சொரசொரவென்று ஈர மணல் உருண்டையாகிவிடும்.

முதல் தடவை இட்லிக் கொப்பரையில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, மேலே கிண்ணத்தை வைத்து உருக்கினேன். 'மூடி வைத்தால் சீக்கிரம் உருகுமே' என்று என் புத்திசாலித்தனத்தில் ஒரு தட்டைப் போட்டு மூடினேன். திறக்கும்போது தட்டின் அடியில் கோத்திருந்த ஆவித்தண்ணீர் கிண்ணத்துக்குள் சொட்டியது. அரைக் கிலோ சாக்லேட் அப்படியே திரிந்துபோனது. அழுகையே வந்துவிட்டது.

ஆகவே கிண்ணம், கரண்டி, கை மூன்றும் காய்ந்திருக்க வேண்டும். புடவை முந்தானையில் துடைப்பது கணக்கில் சேராது, முந்தானையே ஈரமாகத்தான் இருக்கும். கீழே ஒரு விரற்கடைத் தண்ணீர் போதும், அது கிண்ணத்தின் அடியைத் தொடக் கூடாது. கொதித்ததும் அடுப்பை அணைத்துவிட்டுக் கிண்ணத்தை மேலே வையுங்கள். மூடாதீர்கள். பாதி உருகியதும் இறக்கிவிடுங்கள், மீதி அந்தச் சூட்டிலேயே இளகும். உருக்கும் சாக்லேட்டைக் கையால் தொட்டால் இதமான சூடுதான் இருக்க வேண்டும். சுட்டால் அது கருகப் போகிறது.

திரிந்துபோனால் குப்பையில் கொட்டாதீர்கள். ஒரு சொட்டுதான் கெடுக்கும், நாலு கரண்டி காப்பாற்றும். சூடான பாலை ஒவ்வொரு கரண்டியாக விட்டுக் கலக்கினால் இளகிக் குழம்பாக வரும். மேலே பூச உதவாது, ஆனால் உள்ளே பிசைய உதவும். கேக் கொஞ்சம் மெத்தென்று இருக்கும், அவ்வளவுதான்.

4. எந்த சாக்லேட் என்று கேட்பீர்கள். கடையில் இரண்டு வகை. ஒன்று கோகோ வெண்ணெய் உள்ள அசல், இன்னொன்று காம்பவுண்ட். காம்பவுண்டில் கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு இருக்கும். அட்டையின் பின்பக்கம் பொருள் பட்டியலைப் படித்தால் தெரிந்துவிடும். கோகோ வெண்ணெய் 34 டிகிரியை ஒட்டி உருகும். நம் உடம்புச் சூட்டுக்கும் கீழே அது, அதனால்தான் நாக்கில் வைத்ததும் கரைகிறது. அதே காரணத்தால் சித்திரை, வைகாசியில் நம் வீட்டு மேஜையிலும் கரையும். காம்பவுண்ட் கொஞ்சம் தாங்கும், ருசி ஒரு மாற்றுக் குறைவு.

என் வழக்கம் இது: கோடையில் காம்பவுண்ட், கிறிஸ்துமஸுக்கு அசல். "ரெண்டையும் பாதிப் பாதி போட்டா என்ன ஆச்சி?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். கேள்வி நல்லது, செய்தால் ஆகாது. இரண்டு கொழுப்பும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத சம்பந்திகள். கலந்தால் தனித்தனியாக இருந்ததைவிட இளகலாகும், மேல்பூச்சு சீக்கிரம் வெளுத்தும் போகும்.

5. பிஸ்கட்டை மிக்ஸியில் போடாதீர்கள். தூளாக்கினால் சாக்லேட் உருண்டைதான் வரும். வெட்டிய துண்டில் கறுப்புக்கு நடுவே வெள்ளை வெள்ளையாகப் பிஸ்கட் தெரிய வேண்டும். ஒன்றை நாலாகவோ ஐந்தாகவோ கையால் உடைத்தால் போதும், உடையும்போது விழும் தூளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்றைக் காதருகே வைத்து ஒடித்துப் பாருங்கள், 'டப்' என்று கேட்க வேண்டும். சத்தம் வராவிட்டால் நமத்துப்போனது. தோசைக்கல்லைச் சூடாக்கி, அடுப்பை அணைத்து, அதன்மேல் பரப்பிவைத்தால் மொறுமொறுப்பு திரும்பும். ஆறின பிறகு உடையுங்கள்.

6. வெண்ணெயையும் டின் பாலையும் கோகோவையும் இளஞ்சூட்டில் கட்டியில்லாமல் கலக்கி, உருகிய சாக்லேட்டை அதில் சேர்த்து, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, அதற்குப் பிறகுதான் பிஸ்கட். சுடச்சுடக் கொட்டினால் பிஸ்கட் ஊறிக் களியாகும். முந்திரியும் அப்போதே.

7. இரவில் செய்யுங்கள். மத்தியானம் செய்தால் ஃபிரிட்ஜை ஆளுக்கு ஒரு தடவை தண்ணீர் பாட்டிலுக்காகத் திறந்துகொண்டே இருப்பார்கள், அது எப்போது இறுகுவது? ராத்திரி ஒன்பதரைக்கு வைத்தால் விடியும்வரை யாரும் தொடமாட்டார்கள். பராமரிப்புக்காக மின்தடை என்று பேப்பரில் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள், அந்த நாளை விட்டுவிடுங்கள். ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் விழும்போது நம் பக்கமும் காற்று கொஞ்சம் குளிரும். புதிதாகக் கற்பவர்களுக்கு அதுதான் நல்ல காலம். மே மாதத்தில் ஆரம்பித்து மனசு விட்டுப்போன பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

8. தனியாகக் கேக் டின் வாங்க வேண்டியதில்லை. எவர்சில்வர் டிபன் டப்பாவுக்குள் பட்டர் பேப்பரை இரண்டு பக்கமும் காது மாதிரி வெளியே நிற்கும்படி விரித்து, கலவையைப் போட்டு, குழம்புக்கரண்டியின் முதுகால் நன்றாக அழுத்துங்கள். அழுத்துவதில் சோம்பல் பட்டால் வெட்டும்போது உதிர்ந்துவிடும். மறுநாள் காதைப் பிடித்துத் தூக்கினால் முழுசாக வெளியே வரும்.

எனக்குப் பிடித்த அச்சு புட்டுக் குழல். உள்ளே பட்டர் பேப்பரைச் சுருட்டிவிட்டு, கலவையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் குத்தி நிரப்பி, நிமிர்த்தி ஃபிரிட்ஜில் வைத்துவிடுவேன். காலையில் புட்டுத் தள்ளுகிற அதே கம்பால் பின்னாலிருந்து ஒரு தள்ளு. உருளையாக வெளியே வரும், வட்டம் வட்டமாக நறுக்கலாம். வந்த விருந்தாளிகள் அச்சு எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்பார்கள். நான் சொல்வதில்லை.

9. வெண்ணெய்க்கு மூக்கு உண்டு, பக்கத்தில் இருக்கும் வாசனையை எல்லாம் இழுத்துக்கொள்ளும். நம் வீட்டு ஃபிரிட்ஜில் என்னென்ன இருக்கும்? மீன் குழம்பு, நேற்றைய சொதி, தலைக்கு வைக்க வாங்கிய மல்லிப்பூ. ஒரு வருஷம் மருமகளின் பிறந்தநாளுக்குச் செய்ததில் வாளைமீன் வாசனை. பாவம், அவள் ஒன்றும் சொல்லாமல் இரண்டு துண்டு சாப்பிட்டாள். இறுக்கமாக மூடும் டப்பாவில், மேல்தட்டில் வையுங்கள். அவசரத்துக்கு ஃபிரீசரில் வைக்காதீர்கள், வெளியே எடுத்ததும் வியர்த்துக் கொட்டும்.

10. நாலு நாளில் மேலே வெள்ளையாகப் பூத்திருந்தால் பூசணம் என்று தூக்கி எறிந்துவிட வேண்டாம். சூடும் குளிரும் மாறி மாறிப் பட்டால் கொழுப்பு மேலே வந்து சாம்பல் பூசியதுபோல் நிற்கும். ஈரம் படிந்து காய்ந்தால் சீனி மேலே வந்து சொரசொரக்கும். இரண்டும் தின்னலாம். பஞ்சு மாதிரி ரோமம் இருந்தால் மட்டும்தான் பூசணம். ஒரு வாரத்துக்கு மேல் வைக்காமல் இருந்தால் இந்தக் கவலையே இல்லை.

11. நம் ஊர்ச் சரக்கைச் சேர்க்கலாமா என்றால், தாராளமாக. கோவில்பட்டிக் கடலைமிட்டாயை ஒன்றிரண்டாக இடித்து முந்திரிக்குப் பதில் போடுங்கள், கடிக்கக் கடிக்க நன்றாக இருக்கும். அன்றோ மறுநாளோ தின்றுவிட வேண்டும், பிறகு வெல்லம் கசிந்துவிடும். தூத்துக்குடி மக்ரூனை உள்ளே பிசையாதீர்கள், கரைந்து காணாமல் போகும். பரிமாறுகிற நேரத்தில் மேலே நொறுக்கித் தூவலாம். டின் பாலுக்குப் பதில் உடன்குடிக் கருப்பட்டி போட ஆசைப்படுகிறவர்கள் அதைக் கரைத்து, மண் போக வடிகட்டி, கம்பிப் பதம் வரும்வரை காய்ச்சி, வெண்ணெயும் கோகோவும் மட்டும் சேர்த்துக் கலக்குங்கள். சாக்லேட் அந்தப் பக்கமே வர வேண்டாம். எதற்கு என்று மூன்றாவதைப் படித்தவர்களுக்குத் தெரியும்.

12. அல்வா மாதிரி இதை நெல்லை எக்ஸ்பிரஸில் ஏற்றிச் சென்னைக்குக் கொடுத்துவிட முடியாது. சாந்தி ஸ்வீட்ஸோ இருட்டுக்கடையோ, அந்த அல்வா மணிக்கணக்கில் கிண்டி நெய் கக்கிய பண்டம். பஸ்ஸில், ரயிலில், மடியில் எங்கும் வரும். இதைக் கொண்டுபோகத்தான் வேண்டும் என்றால் மீன்காரர்கள் வைத்திருக்கும் தெர்மாகோல் பெட்டி இருக்கிறதே, அதில் புதுசாக ஒன்று வாங்கி ஐஸ் பாக்கெட்டோடு வையுங்கள். வெட்டாமல் முழுசாகக் கொண்டுபோய், அங்கே போய் வெட்டுங்கள். கத்தியை வெந்நீரில் முக்கித் துடைத்துவிட்டு வெட்ட வேண்டும். துடைத்துவிட்டு என்பதை இன்னொரு தடவை படியுங்கள்.

13. கரண்டே இல்லாவிட்டால்? அதற்கும் ஒரு வருஷம் வந்தது. 2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணி கரை மீறி ஓடியபோது எங்கள் தெருவில் விளக்கு எரியப் பல நாளாகிவிட்டது. கிறிஸ்துமஸ் வாரம். ஓவனும் இல்லை, ஃபிரிட்ஜும் இல்லை, வாங்கிவைத்த மாவும் ஈரம் குடித்திருந்தது. வீட்டில் பிஸ்கட் பாக்கெட் மட்டும் இருந்தது, உதவிக்கு வந்தவர்களும் அதையேதான் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். பேரன் விடவில்லை. கேஸ் அடுப்பில் உருக்கி, பிசைந்து, பீங்கான் தட்டில் அழுத்தி, காருகுறிச்சி மண்பானை ஒன்றைக் கவிழ்த்து மூடி, ஜன்னலோரத்தில் ராத்திரி முழுக்க வைத்தோம். அன்றைக்குக் காற்றே குளிர்ந்துதான் இருந்தது. காலையில் கத்தியை வைத்தேன், துண்டு நிற்கவில்லை, சாய்ந்துவிட்டது. பேரன் முகம் விழுந்துபோனது. நான் ஆளுக்கு ஒரு கரண்டி எடுத்துக் கொடுத்தேன். கொழும்பு அக்கா பரிமாறியது இப்படித்தான் இருக்கும்.